ஏறினால் வாய்க்கட்டு

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. சம்பளச் சீட்டில் மட்டும் அது தலைகாட்டும். மற்றபடி, கட்டடம் எழும்புகிற இடமெல்லாம் அவர் ஆகாசம்தான். டவர் கிரேன் ஓட்டுகிறவர். முந்நூற்றுப் பன்னிரண்டு படி ஏணியில் ஏறினால் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு வரும். அதில் ஓர் ஆள் உட்காரத்தான் இடம். பத்தொன்பது வருடமாக அவருடைய பகல் பொழுதெல்லாம் அப்படிப்பட்ட கூண்டுகளில்தான் கழிந்தது. கீழே இருக்கிற நாற்பது பேருக்கும் அவர் வாக்கி டாக்கியில் வருகிற ஒரு குரல், அவ்வளவே.

கிரேன்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் எல்லா விதிகளையும்விட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுவது அதுதான். ஏறினால் வாய்க்கட்டு. சாப்பிட்டால் தாகம் எடுக்கும், குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க வேண்டுமென்றால் இறங்க வேண்டும். இறங்க இருபது நிமிடம், திரும்ப ஏற அரை மணிக்கு மேல். அதுவரை கீழே எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். அதனால் யார் எவ்வளவு நேரம் இறங்காமல் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதை வைத்தே ஒருவரையொருவர் எடைபோடுவார்கள். எட்டு மணி நேரம் என்றால் பரவாயில்லாத ஆள். ஆகாசம் பதினொன்று. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்டுவிடாதீர்கள், அவர் முகம் வாடிவிடும்.

பகல் முழுவதும் கட்டிவைத்த வாயை மாலை ஆறரைக்கு வீட்டில் அவிழ்ப்பார். அவருடைய மனைவி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறவர். அந்த நேரத்தில் தையல் இயந்திரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, மேஜைமேல் பெரிய தட்டை வைத்துத் தயாராக இருப்பார். ஆகாசம் சட்டையைக்கூட மாற்றமாட்டார். முதல் தட்டுச் சோறு முடியும்வரை பேச்சு கிடையாது. இரண்டாவது தட்டில் ஓரிரண்டு தலையசைப்பு. மூன்றாவதை நிதானமாக, ரசித்து, ஒரு கட்டு கட்டுவார். கழுவிய கை ஈரம் உலருவதற்குள் நாற்காலியிலேயே குறட்டை வந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு, உழைத்த உடம்பு நிம்மதியாகத் தூங்குகிறது என்றுதான் தோன்றும்.

உடம்போ நிம்மதியாக இல்லை. நாற்பது வயதுக்கு மேல் கூண்டின் இருக்கை சிறுத்துக்கொண்டே வந்தது. இருக்கை அதேதான், வயிறுதான் வளர்ந்தது. விடிகாலையில் புளித்த நீர் தொண்டைவரை வந்து எழுப்பியது. பல் துலக்கினால் ஈறில் ரத்தம். விரல் மூட்டுகள் காலையில் மடங்க மறுத்தன. வலது காலின் சுண்டு விரலில் பூட்ஸ் கடித்த ஒரு சின்னப் புண், இரண்டு மாதமாகியும் ஆறாமல் அப்படியே இருந்தது. வலித்தாலாவது கவனித்திருப்பார், அது வலிக்கக்கூட இல்லை. மனைவி ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டும்போதெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேளை சாப்பிடுகிறவனுக்கு என்ன வியாதி வரும்?

வருடத்துக்கு ஒரு முறை மருத்துவச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லாமல் ஏணியில் கை வைக்கக் கூடாது. போன வருடமே எச்சரித்து அனுப்பியிருந்தார்கள், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த வருடம் மருத்துவர் கையெழுத்துப் போடவே மறுத்துவிட்டார். முப்பது வயதுகூட ஆகாத பெண், கண்டிப்பான முகம். ரத்த அறிக்கையைப் பார்த்துக்கொண்டே எப்போதெல்லாம் சாப்பிடுவீர்கள் என்று கேட்டார்.

“சாயங்காலம்,” என்றார் ஆகாசம்.

“அது சரி. காலையில, மத்தியானம்?”

“சாயங்காலம் மட்டுந்தாங்க. ஒரே வேளை.” பரிசு வாங்கப்போகிறவர் மாதிரிதான் சொன்னார்.

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். “உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது. பகல்ல சாப்பிடறதை அது சமாளிச்சுடும். பொழுது சாய்ஞ்சா அதோட வேகம் குறைஞ்சுடும். நீங்க அந்த நேரமா பாத்து மூணு வேளைச் சாப்பாட்டை ஒண்ணா கொட்டறீங்க, உடனே படுத்துடறீங்க. சர்க்கரை ரத்தத்துலயே நிக்குது. மிச்சமெல்லாம் வயித்தைச் சுத்திக் கொழுப்பா ஏறுது. அந்தக் கொழுப்பு சும்மாவும் கிடக்காது, உள்ளுக்குள்ள கனன்னுக்கிட்டே இருக்கும். ஈறு, மூட்டு, ஆறாத புண்ணு, எல்லாம் அதுலேருந்துதான் வருது.”

பழைய சான்றிதழிலேயே ஓட்டலாம் என்று ஆறு வாரம் தவணை கொடுத்தார். மாத்திரை எழுதினார். காலையும் மதியமும் அளவாகச் சாப்பிட வேண்டும், இருட்டிய பிறகு எதுவும் வேண்டாம், மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்போம், இறங்கியிருந்தால் கையெழுத்து, இல்லையென்றால் இனிமேல் தரை வேலைதான் என்றார். தரை வேலை என்றால் என்னவென்று ஆகாசத்துக்குத் தெரியும். இருபத்தெட்டு வயதுவரை செங்கல் சுமந்தவர் அவர். யார் யாரோ ஏவ, யார் யாரோ திட்ட, கூட்டத்தில் ஒருவராக இருந்தவர். அந்தக் கூண்டில்தான் முதல் முறையாக ஒரு நாற்காலியும் ஒரு கதவும் அவருக்கென்று கிடைத்தன. அதை விட்டால் தான் யாருமில்லை என்று அவர் மனதார நம்பினார். அதைக் காப்பாற்ற எதையும் செய்வார், சாப்பாட்டு நேரத்தை மாற்றுவதைத் தவிர.

அப்படிச் சொல்வதும் அநியாயம். மாற்றிப் பார்த்தார், மூன்று நாள். மனைவி விடியலில் எழுந்து ஒரு டப்பாவில் மதியச் சாப்பாடு கட்டிக்கொடுத்தார். முதல் இரண்டு நாள் அது பத்திரமாக ஏறி, பத்திரமாக இறங்கியது. மூன்றாம் நாள் துணிந்து மேலேயே சாப்பிட்டார், தண்ணீரும் குடித்தார். இரண்டரை மணிக்கு அடிவயிறு முட்டியது. பல்லைக் கடித்துப் பார்த்து, முடியாமல் இறங்கினார். கடைசிப் படியில் கால் வைத்தபோது கம்பி கட்டுகிறவர்கள் எல்லோரும் வரிசையாக நின்று கை தட்டினார்கள். ஆகாசம் தரைக்கு வந்துவிட்டது, மழை வரப்போகிறது என்று மேற்பார்வையாளர் வாக்கி டாக்கியிலேயே அறிவித்தார். அவர்கள் விளையாட்டுக்குத்தான் செய்தார்கள். இவருக்கோ நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாளிலிருந்து டப்பா மச்சினன் கைக்குப் போனது. மனைவியின் தம்பிதான் அந்த வேலையிடத்தில் சிக்னல்காரன். கீழே நின்று வாக்கி டாக்கியிலும் கை அசைவிலும் கிரேனுக்கு வழி சொல்கிறவன். அவன் சொல்லாமல் கொக்கி ஓர் அங்குலம்கூட நகரக் கூடாது. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நின்றான் என்றால் எல்லாம் நிற்க வேண்டும், கேள்வி கிடையாது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், அவனும் கிரேன் ஓட்டப் பரீட்சை எழுதித் தேறி, கூண்டுக்குக் காத்திருப்பவன். அக்கா கட்டிய சாப்பாட்டை அவன் தின்பான், காலி டப்பா வீட்டுக்குப் போகும். காலி டப்பாவைப் பார்த்து மனைவி சந்தோஷப்படுவார். மாலையில் தட்டு வழக்கம்போல மூன்று முறை நிரம்பும். பகலில் சாப்பிட்டவருக்கு இவ்வளவு பசி எப்படி என்று அவர் கேட்டதற்கு, மாத்திரை பசியைக் கிளப்புகிறது என்று சொல்லி வாயை அடைத்தார். பெண்டாட்டியின் நம்பிக்கையைத் தின்று ஏப்பம் விட்டார் என்றே சொல்ல வேண்டும்.

ஐந்து வாரம் ஓடியது. பரிசோதனைக்கு ஐந்து நாள் இருக்கும்போதுதான் ஆகாசத்துக்கு உதறல் எடுத்தது. அவர் போட்டது அவரால் மட்டுமே போட முடிகிற திட்டம். பதினொரு மணி நேரம் வாய் கட்டத் தெரிந்தவனுக்கு ஐந்து நாள் கட்டத் தெரியாதா? உள்ளே ஒன்றும் போகாவிட்டால் ரத்தத்தில் ஒன்றும் இருக்காது. எதற்கும் இருக்கட்டும் என்று மாத்திரையையும் ஒன்றுக்கு இரண்டாக விழுங்கினார். திங்கள் மாலை, வேலையிடத்தில் விருந்து என்று வீட்டில் சொன்னார். செவ்வாய் வயிற்றுப்போக்கு என்றார். புதன்கிழமை மனைவி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றார்.

“என்ன பண்றீங்க நீங்க? உண்மையைச் சொல்லுங்க.”

“சனிக்கிழமை முடிஞ்சுடும். அதுவரைக்கும் என்னை விட்டுடு.”

“எது முடிஞ்சுடும்?”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். தையல் இயந்திரம் அன்று வெகு நேரம் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எழுந்தபோது வலது கால் கட்டை விரல் பழுத்த பழம்போலச் சிவந்து வீங்கியிருந்தது. போர்வை பட்டாலே உயிர் போனது. பூட்ஸின் கயிற்றை முழுவதும் உருவிவிட்டு, துணியைக் கடித்துக்கொண்டு காலை உள்ளே திணித்தார். இன்னும் ஒரே ஒரு நாள். வேலைக்குப் போகாவிட்டால் உடம்பு சரியில்லை என்று எழுதிவிடுவார்கள், நாளைய கையெழுத்து அதோடு போச்சு. இடது காலாலும் இரண்டு கைகளாலும் முந்நூற்றுப் பன்னிரண்டு படியை ஏறினார். ஏறி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. காற்று அதிகம் என்று வாக்கி டாக்கியில் பொய் சொன்னார்.

பத்தரை மணி இருக்கும். இரண்டு டன் கம்பிக் கட்டைத் தூக்கி, பாதி கட்டிய நான்காம் மாடிக்கு மேலே கொண்டுபோய்க்கொண்டிருந்தார். திடீரென்று முதுகெல்லாம் வியர்த்தது. விசையைப் பிடித்த கை தானாக ஆடியது. கண்ணாடியைத் துடைத்தார், அழுக்கு கண்ணாடியில் இல்லை. நான்காம் மாடியில் நின்ற மச்சினனின் மஞ்சள் தொப்பி இரண்டாகத் தெரிந்தது, அப்புறம் மூன்றாக. எது அவன் தலை, எது வெறும் தோற்றம் என்று அவருக்குப் புரியவில்லை. சுமை மெல்ல ஊசலாட ஆரம்பித்தது.

அந்த நேரத்தில் அவர் மனதில் ஓடியதைப் பிற்பாடு மனைவியிடம் மட்டும் சொன்னார். சொல்லாமல் சமாளித்துவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தாராம். இறக்கிவிட்டால் போதும், யாருக்கும் தெரியாது, நாளைக்குக் கையெழுத்து. அவன் தலைக்கு மேலே இரண்டு டன் ஆடிக்கொண்டிருக்கும்போது அப்படி நினைத்தாராம்.

வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுவரவே இரண்டு கையும் தேவைப்பட்டது. “மச்சான், எல்லாரையும் கீழ அனுப்பிடு. நீயும் போ. எனக்குக் கண்ணு தெரியல.”

மச்சினன் மற்றவர்களை அனுப்பினான், தான் போகவில்லை. தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, பதற்றமில்லாத குரலில், இடது கொஞ்சம், நிறுத்து, இறக்கு, இன்னும் இறக்கு என்று குழந்தைக்கு நடை பழக்குகிறவன்போலச் சொல்லிக்கொண்டே வந்தான். ஆகாசம் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு சுமையைக் காலி இடத்தில் வைத்தார். சர்க்கரை தாழ்ந்துவிட்டது, உடனே இனிப்பாக எதையாவது வாயில் போடு என்று கீழேயிருந்து யாரோ வாக்கி டாக்கியில் கத்தினார்கள். ஆகாசம் கூண்டைத் தடவிப் பார்த்தார். ஒரு மிட்டாய் இல்லை, ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. பத்தொன்பது வருடத்தில் அந்த மூன்று நாளைத் தவிர, தின்கிற பண்டம் எதையும் அவர் மேலே கொண்டுபோனதே இல்லை.

மச்சினன்தான் சர்க்கரைத் தண்ணீர்ப் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினான். அவன் போய்ச் சேர்ந்தபோது ஆகாசம் இருக்கையிலிருந்து சரிந்து, நனைந்த துணிமாதிரி கிடந்தார். தலையை மடியில் வைத்து, உதட்டை விரலால் பிரித்து, சொட்டுச் சொட்டாக ஊற்றினான். அழுதுகொண்டே திட்டினான், திட்டிக்கொண்டே ஊற்றினான். பிறகு பக்கத்துக் கிரேனிலிருந்து ஆள் தூக்கும் தொட்டி வந்தது. கட்டிவைத்து இறக்கினார்கள். நாற்பது பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த முறை யாரும் கை தட்டவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அதே பெண் மருத்துவர் வந்து பார்த்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார்கள், திட்டவில்லை. பட்டினியும் தண்ணீர் குடிக்காததும் யூரிக் அமிலத்தை ஏற்றிவிட்டதால்தான் கட்டை விரல் வீங்கியது என்றார். சாப்பிடாமல் போட்ட மாத்திரைதான் சர்க்கரையைத் தரைமட்டத்துக்கு இறக்கியது. வீங்கிய காலைப் பூட்ஸுக்குள் நெருக்கியதில் சுண்டு விரல் புண் உடைந்து சீழ் வைத்துவிட்டது, அந்த விரலும் பக்கத்து விரலும் இனித் தேறாது. கடைசியாகத் தயங்கி, இன்னொன்றையும் சொன்னார்.

“நாளைக்கு நான் பாக்கறதா இருந்தது சர்க்கரையோட மூணு மாசச் சராசரி. அஞ்சு நாள் பட்டினி அதுல தெரியவே தெரியாது. சொல்லாம விட்டது என் தப்பும்தான்.”

ஆகாசம் ஆடாமல் அசையாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கூண்டில் அவர் கண்ணுக்கு எதிரே எப்போதும் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். கோபுரத்தை ஒட்டித் தூக்கினால் ஆறு டன், கிரேன் கையின் நுனியில் தூக்கினால் ஒன்றரை டன். சுமை ஒன்றாக இருந்தாலும் எங்கே தொங்குகிறது என்பதைப் பொறுத்து கிரேன் தாங்கும், அல்லது கவிழும். தன் மூன்று தட்டையும் பத்தொன்பது வருடம் நாளின் நுனியிலேயே தொங்கவிட்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து காலி டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். தம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தான்.

“நான் அதைக் கழுவும்போதெல்லாம் சந்தோஷப்பட்டேங்க,” என்றார்.

இரண்டு விரல்கள் போயின. கூண்டும் போனது. நான்கு மாதம் கழித்து ஆகாசம் வேலைக்குத் திரும்பியபோது அவர் இடத்தில் மச்சினன் உட்கார்ந்திருந்தான், மச்சினன் இடத்தில் இவரை நிறுத்தினார்கள். தரையில் நிற்கிற சிக்னல்காரர். பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை, தரையில் நின்றாலும் ஆகாசம்தான். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் புதுப் புண்போல வலித்தது. காலையில் சாப்பிட்டார், மதியம் சாப்பிட்டார், பொழுது சாய்ந்தால் வெறும் தண்ணீர். எண்கள் மெல்ல இறங்கின, ஈறு ஆறியது. எல்லாம் நல்லபடிதான் நடந்தது. ஆனால் இறங்கிய எண்ணை வைத்து இனி ஏறுவதற்கு ஏணி இல்லை. மாலையில் தட்டு இல்லாத மேஜைக்கு முன்னால் கையை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

மனைவி இப்போது இரண்டு டப்பா கட்டிக்கொடுக்கிறார். ஒன்று இவருக்கு, ஒன்று தம்பிக்கு. மதியம் பன்னிரண்டரைக்கு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும்போது இவர் தன் டப்பாவைத் திறப்பார், மற்றொன்று மூடியபடி பக்கத்தில் இருக்கும். முதல் வாரம் மச்சினன் இறங்கி வந்தான். இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். அப்புறம் வரவில்லை. கேட்டால் வேலை குவிந்து கிடக்கிறது என்றான். ஒருநாள் கம்பி கட்டுகிறவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. புது ஆள் லேசுப்பட்டவன் இல்லை, நேற்று ஒன்பதரை மணி நேரம், இன்னும் கொஞ்ச நாளில் ஆகாசத்தையே மிஞ்சிவிடுவான்.

அவர் கையில் இருந்த சோற்றை டப்பாவிலேயே உதறினார். வாக்கி டாக்கியை எடுத்தார்.

“மச்சான், இறங்கி வா. சாப்பாடு ஆறுது.”

“பரவாயில்ல மாமா. சாயங்காலம் வீட்டுல ஒரேயடியா பாத்துக்கறேன்.”

தன் குரலையே தான் கேட்பதுபோலிருந்தது. அவன் கையால் உயிர் பிழைத்தவர் இவர், உதட்டைப் பிரித்து ஊற்றியவன் அவன். அவனுக்கே தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியப்போகிறது? சொல்லிப் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். தனக்கு எத்தனை பேர் சொன்னார்கள்!

ஒரு மணிக்கு வேலை தொடங்கியது. கொக்கியில் கம்பிக் கட்டு மாட்டியாயிற்று, தூக்கச் சொல்லும் சைகைக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். ஆகாசம் களத்தின் நடுவே போய் நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். கொக்கி நகரவில்லை. என்ன ஆச்சு, யாராவது அடியில் மாட்டிக்கொண்டார்களா என்று மேற்பார்வையாளர் ஓடிவந்தார். ஒன்றுமில்லை என்றார் ஆகாசம், கையைக் கீழே போடவில்லை. ஒரு நிமிடம் போனது, ஐந்து நிமிடம் போனது. மேற்பார்வையாளர் கெஞ்சினார், கத்தினார், இன்றோடு உன்னை அனுப்பிவிடுவேன் என்றார். செய்யக்கூடியவர்தான். இல்லாத இரண்டு விரல்களும் பூட்ஸுக்குள் விண்விண்ணென்று தெறித்தன.

வாக்கி டாக்கி மார்பில் தொங்கியபடி பேசியது. “மாமா, எல்லாரும் பாக்கறாங்க. மானம் போகுது. கையை எடுங்க மாமா.”

அவர் எடுக்கவில்லை. பதில் சொல்ல வேண்டுமென்றால் ஒரு கையை மடக்க வேண்டும்.

வெகு நேரம் கழித்து, உச்சியில் கண்ணாடிக் கதவு வெயிலில் ஒரு முறை பளிச்சென்று திரும்பியது. ஒரு பூட்ஸ் வெளியே வந்து முதல் படியைத் தேடியது. யாரோ சிரித்தார்கள், யாரோ கை தட்டத் தொடங்கினார்கள். ஆகாசம் திரும்பி அவர்களைப் பார்த்த பார்வையில் கைதட்டல் நின்றுபோயிற்று. இன்னும் முந்நூற்றுப் பதினொரு படி இருக்கிறது. கிரேன்காரர்களை அவருக்குத் தெரியும், பாதியில் மனம் மாறித் திரும்ப ஏறிவிடுவார்கள். கடைசிப் படியில் கால் படும்வரை கையை எடுப்பதாக இல்லை.